வீட்டார் கை முதலில்

கரமனை, திருவனந்தபுரம்
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் சுமிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மையும் உன் தம்பி பிபினும் சுகமாக இருக்கிறோம், என் வலது தோள் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நடந்து, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். தோளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மை போனில் சொல்லி உன்னைப் பயமுறுத்துவாள். டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர் என்றார், அப்படியென்றால் தோள் உறைந்துபோனது என்று பிபின் அர்த்தம் சொன்னான். பனி பெய்கிற அயர்லாந்தில் இருப்பது மகள், உறைந்துபோனது அப்பனுக்கு. இத்தனை வருஷம் பெயிண்ட் பிரஷ்ஷைத் தலைக்கு மேலே தூக்கிச் சீலிங் அடித்த கை இப்போது நெஞ்சுக்கு மேலே போனால் கண்ணில் பூச்சி பறக்கிறது. தலை சீவ இடது கை, சட்டை மாட்ட உன் அம்மை. பயப்பட ஒன்றுமில்லை, சுவரைப் பிடித்து விரலால் ஏறச் சொல்லியிருக்கிறார்கள், பல்லி மாதிரி ஏறிக்கொண்டிருக்கிறேன்.

சபை மாற்றக் கடிதம் வேண்டும் என்று நீ பாஸ்டர் சுவாமிதாஸுக்கு எழுதினதை இன்று ஆராதனை முடிந்ததும் அங்கத்தினர் கூட்டத்தில் வைத்தார்கள். மத்தியானத்திலிருந்து நீ பிபினுக்கு என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறாய், அவன் பதில் சொல்லாததற்குக் காரணம் நான்தான். கூட்டத்தில் நடந்ததை வீட்டாரே தங்கள் கையால் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது நம் சபையின் வழக்கம். அதனால் கோபப்படாதே. எழுதி முடித்ததும் பிபின் இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்புவான், காகிதம் பின்னால் மெல்ல நடந்து வரட்டும். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதில் நீ பிரியாணியில் முட்டையை முதலில் தோண்டி எடுப்பாயே அந்தப் புத்தியை இங்கே காட்டக் கூடாது.

அங்கே உன்னை அங்கத்தினராகச் சேர்க்கும் நாளில் உன் தாய்ச்சபையின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று அந்த ஊர்ப் பாஸ்டர் கேட்டதாக எழுதியிருந்தாய். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது உனக்குத் தெரியும், என்னிடம் போய்ச் சரித்திரம் கேட்டிருக்கிறாய். இருந்தாலும் நம் தாணுமாலையன் தாத்தா சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். அவருக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, சபையில் அவரைவிட மூத்தது அந்த வாசல் தூண்தான். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது பேரையும் மாற்றிக்கொள்கிறாயா என்று அந்தக் காலப் பாஸ்டர் கேட்டதற்கு, தண்ணியில முழுவினது நானு, எனக்க பேரு கரையிலதான் நின்னுது என்று சொன்ன ஆள்.

நம் சபையைத் தொடங்கினவர்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அது ராஜா காலம், அங்கேயும் இங்கேயும் ஒரே ராஜ்யம். எல்லாருமே கைக்குழந்தையில் நெற்றியில் தண்ணீர் தெளிக்கப்பட்டவர்கள்தான். கிழக்கே தேரிக்காட்டிலிருந்து புத்தகப் பையோடு வந்த ஒரு பிரசங்கியார், விவரம் தெரிந்த வயதில் தானாக விரும்பி முழுகி எழும்புவதுதான் ஞானஸ்நானம் என்று வேலைக் கொட்டகையில் சாயங்காலம்தோறும் பேசியிருக்கிறார். கேட்டவர்களில் பாக்கியநாதன் என்ற கொத்தனாரும் அவர் மனைவி தாசம்மாளும் முன்வந்தார்கள். கரமனை ஆற்றில் குளிப்படித்துறைகளுக்கெல்லாம் கீழே ஒதுக்கமான ஒரு வளைவில் இறங்கினார்கள். பிரசங்கியார் ஊரில் ஆறு என்றால் மணல்தான், தண்ணீர் ஓடி அவர் பார்த்ததில்லை. மணல் வாரின குழி ஒன்று கீழே இருந்தது அவருக்குத் தெரியவில்லை. கையை உயர்த்திப் பிதா குமாரன் என்று சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தவர் பரிசுத்த ஆவிக்கு வருமுன் ஆளைக் காணோம். முழுக்கு எடுக்க வந்த கொத்தனார்தான் குனிந்து அவரைச் சட்டையோடு பிடித்துத் தூக்கினார். இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லி, தன்னைத் தூக்கினவரைப் பிரசங்கியார் முழுக்கினாராம். நம் சபையில் முதலில் முழுகினது யார் என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு பதில் உண்டு. அடுத்தது தாசம்மாள். புருஷனுக்குத் தலை துவட்டத் துவர்த்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவள், அதை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். தண்ணீரிலிருந்து ஏறுகிறவருக்கு வீட்டாரில் ஒருவர் துவர்த்து விரித்து நிற்பது அன்றைக்குத் தொடங்கினது.

மறுநாள் வேலை விட்டதும் கூட்டாளிகள் பாக்கியநாதனைக் கள்ளுக்கடைக்குக் கூப்பிட்டார்களாம். அவர் முழுக்குப் போட்டாச்சு என்று மட்டும் சொன்னாராம். ஆற்றில் போட்டதைச் சொன்னாரா கள்ளுக்குப் போட்டதைச் சொன்னாரா என்று அவர்கள் குழம்ப, ஊரில் முழுக்குக்காரர்கள் என்ற பேர் நமக்கு நிலைத்துவிட்டது. இதை நீ இங்கிலீஷில் எப்படிச் சொல்வாயோ தெரியவில்லை, தமிழில் அந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே பாதிச் சரித்திரம் அடங்கிவிடும்.

இனி எழுதப்போவதை நீ முழுசாகக் கேட்டிருக்கமாட்டாய். நமக்குப் பிஷப் கிடையாது, மேலே கேட்க ஓர் ஆபீஸ் கிடையாது. முழுக்கு எடுத்தவர்கள் உட்கார்ந்து வலது கையைத் தூக்கினால் உண்டு, தூக்காவிட்டால் இல்லை. ஒருவர் சபை மாறிப் போவதானால் முதலில் வீட்டார் கை எழும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். இந்த வழக்கத்தை நாமெல்லாம் மரியாதைக்காக என்று நினைத்திருந்தோம். மரியாதைக்காக அல்ல சுமி மக்களே. பாக்கியநாதனுக்கும் தாசம்மாளுக்கும் ஒரே மகன், ஞானாபரணம். வளர்ந்து முழுக்கு எடுத்து, போனக்காடு மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனார். மலையில் ஒரு சின்னக் கூட்டமாக ஜெபித்துவந்தவர்களோடு சேர இங்கே கடிதம் கேட்டார். அன்று எல்லாக் கையும் எழும்பினது, தாசம்மாள் கை மட்டும் சேலைத் தலைப்புக்குள் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, இங்க பேரை வெட்டிட்டா பிறவு அவன் எனக்கவனா இருக்கமாட்டான் என்றாளாம். பெற்றவளை மீறிச் செய்ய அந்தப் பாஸ்டருக்கு மனமில்லை. அடுத்த கூட்டம் பார்க்கலாம் என்று விட்டார், அடுத்ததிலும் அதே கதை.

ஞானாபரணம் கடிதம் இல்லாமலே மலையில் இருந்தார். திருவிருந்துக்கு அங்கே உள்ளவர்கள் வா என்றுதான் கூப்பிட்டார்கள், அவர்தான் கடிதம் வரட்டு என்று கடைசி பெஞ்சிலேயே இருந்துவிட்டார். அப்பமும் திராட்சரசமும் அவரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது, வருஷக்கணக்காக. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் முடிந்துபோனார். பாதை அடைபட்டுக் கிடந்ததால் அடக்கம் செய்த பிறகுதான் இங்கே ஆள் வந்தது. தாசம்மாளும் புருஷனும் விதுரை வரைக்கும் வண்டியில் போய், அங்கிருந்து அட்டை கடிக்க மலை ஏறினார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்மேட்டைக் காட்டினதும் அவள் அழவில்லையாம். வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றாளாம். கூட நின்றவர்கள் மழைக்கு மறைக்கிறாள் என்று நினைத்துக் குடை பிடிக்கப் போனார்கள். சபை கேட்டுது அல்லியா, இப்ப தூக்கிட்டேன் என்று சொன்னாளாம். பாக்கியநாதன் பிடித்து இறக்கும் வரை அந்தக் கை இறங்கவில்லை. திரும்பி வந்து அடுத்த கூட்டத்தில் அவளே எழும்பி, இனிமே வீட்டாளுவகிட்ட முதல்ல கேளுங்க, கூட்டத்துக்குள்ள ஒளிச்சிருக்க விடாதீங்க, எல்லாரும் பாக்கட்டு என்றாள். அந்தக் கூட்டத்தில் தாணுமாலையன் தாத்தா இருந்தார், மீசை முளைத்த புதிது. எழும்பாத கைய நான் அறிஞ்சது அவளுக்கதுதான், எழும்பின கையும் அவளுக்கதுதான் என்பார்.

அதற்குப் பிறகு ஆற்றில் சாக்கடை சேர்ந்தது, பிரசங்க மேடைக்கு அடியில் தொட்டி கட்டினார்கள், பலகையைத் தூக்கினால் தண்ணீர். அதெல்லாம் நீ அறிந்ததுதான். நீ பதினேழு வயதில் அந்தத் தொட்டியில் இறங்கினதும், பாஸ்டர் ஆமென் சொல்லுமுன் நீ தும்மினதும், உன் அம்மை துவர்த்தை உன் தலையில் போட்டு அழுத்தினதும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. உனக்குப் பிறகு அந்தப் பலகையைத் தூக்கவில்லை சுமி. பிள்ளைகள் மலையாள ஆராதனைக்குப் போகிறார்கள், பிபினே பாதி ஞாயிறு அங்கேதான். பள்ளிக்கூடத்தில் படித்த பாஷையில் ஜெபம் வருகிறது என்கிறான், நான் என்ன சொல்ல. தமிழ் ஆராதனையில் இப்போது நரைக்காத தலை என்றால் சாயம் அடித்ததாக இருக்கும். அந்தத் தொட்டியில் கடைசியாக முழுகின ஆளின் பேரை இங்கிருந்து எடுக்கக் கேட்டால் மற்றவர்களுக்கே மனம் ஒப்பாது, உன் அம்மைக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்.

அவள் உன்னிடம் போனில் எல்லாம் சரி சரி என்றுதான் பேசியிருப்பாள். போனை வைத்ததும் வீட்டில் கோவில் மாதிரி அமைதி. மீன் குழம்பில் உப்பு இருந்தால் புளி இல்லை, புளி இருந்தால் மீனே இல்லை. நான் சும்மா இருப்பேனா, சுமிக்குக் கடிதம் கொடுத்தாத்தான் குழம்புல மீன் வருமோ என்று கேட்டேன், கரண்டி பறந்து வந்தது, இடது பக்கமாக. ஒரு நாள்தான் மனதைத் திறந்தாள். அவ அங்க போயி ஜெபிக்கட்டு, பாடட்டு, யாரு வேண்டாம்னா, பேரு மட்டும் இங்க கெடந்தா என்ன என்றாள். நீ என்னிடம் சொன்னதைச் சொன்னேன். விருந்தாளியா இருந்து மதியாச்சு, போதும் அப்பா, அங்க எல்லாரும் கை தூக்கும்போ நான் மட்டும் கையை மடியில வச்சிட்டு இருக்கேன் என்று நீ சொன்னாயே, அதை அப்படியே சொன்னேன். அதற்கு அவள், பேரு எடுத்தா கல்லறைத் தோட்டத்துல இடமும் போவும், அது உமக்கு ஓர்மை உண்டா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கினது. நம் கல்லறைத் தோட்டத்தில் அங்கத்தினர்களுக்கு மட்டும்தான் இடம். நீ அங்கே வாழப்போவதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை, கடைசியில் எங்கள் பக்கத்தில் கிடக்கமாட்டாய் என்பதுதான். இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு இப்போதே குழி பார்க்கிறாள் என்று சிரிக்க வாயெடுத்தேன், சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு வருவோம். ஆராதனை முடிந்து, விருந்தாளிகளெல்லாம் வெளியே போனபிறகு கதவைச் சாத்தி, செயலாளர் ஜெயன் உன் விண்ணப்பத்தை வாசித்தார். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம், எப்போதும் போல. பாஸ்டர் யாருக்காவது கேட்க உண்டா என்றார். உன் அம்மை எழும்பி, அவளுக்க இடம் என்னாவும் என்று கேட்டாள். ஜெயன், சட்டப்படி அங்கத்தினருக்கு மட்டுமல்லே சேச்சி என்று இழுத்தார். தாணுமாலையன் தாத்தாவுக்குக் காது கேட்காது என்று நாமெல்லாம் நினைத்திருக்கிறோம், வேண்டியது கேட்கிறது. இடத்துக்கா இப்ப பஞ்சம், எனக்க இடம் அகலம் உள்ளது, பிள்ளை எப்ப வந்தாலும் நான் கொஞ்சம் நீங்கிக் கொடுக்கேன் என்றார். பெண்கள் பக்கத்தில் சிரித்துவிட்டார்கள். உன் அம்மையும் முந்தானையால் வாயைப் பொத்தினாள், பொத்தினதற்கு மேலே கண் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ்டர் வீட்டார் கை என்றார். குடும்பத் தலைவன் என்று என்னைத்தான் முதலில் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். நெஞ்சு மட்டம் வந்தது, அதோடு நின்றுவிட்டது. அரை ஆள் உயரத்தில் ஒரு கை, பஸ்ஸை நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. வலி குத்தினதும் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் தூக்கி, மனம் மாறி, இறக்கினதாகத் தோன்றியிருக்கிறது. இடது கையைத் தூக்கலாமே என்று நீ கேட்பாய், நம் சபையில் அது செல்லாது, வலது கைதான் கணக்கு. தோள் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவு வீட்டிலும் வாயடிக்கிறவன் நான், அந்த நேரத்தில் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. நிஜம் சொன்னால், நின்றது தோளா உள்ளே வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். நெற்றியில் சுருட்டை முடியோடு தும்மிக்கொண்டு தொட்டியிலிருந்து ஏறின பிள்ளைதான் கண்ணுக்குள் நின்றது. ஜெயன் மெதுவாக, அப்போ வீட்டுக் கை இல்லைன்னு எழுதட்டா பாஸ்டரே என்று கேட்டார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாணுமாலையன் தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கவில்லை. அவர் யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. உன் அம்மை பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி, நடுவழியைக் கடந்து, ஆண்கள் பக்கத்துக்கு வந்தாள். இந்தச் சபை தொடங்கின நாளிலிருந்து ஒரு பெண் கூட்டத்துக்கு நடுவே அந்த வழியைக் கடந்ததில்லை. நேரே வந்து என் பக்கத்தில் நின்றாள். இந்த மனுசனுக்கு கை மேல பொங்காது பாஸ்டரே, ஒறஞ்சு போச்சு, நான் பொக்கித் தாறேன் என்று சொல்லிவிட்டு, என் முழங்கைக்கு அடியில் அவள் வலது கையைக் கொடுத்து மேலே தூக்கினாள். வேண்டாம் என்று இத்தனை நாள் உப்பில்லாமல் சமைத்தவள் அவள். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது, ஆனாலும் கை தலைக்கு மேலே போய்விட்டது. ஜெயன் பேனாவைப் பிடித்துக்கொண்டு, இதை ஒண்ணுன்னு எழுதணுமா ரெண்டுன்னா என்று கேட்டார். தாணுமாலையன் தாத்தா, கெட்டியோனும் கெட்டியோளும் ஒரே மாம்சம் அல்லியா, ஒண்ணுன்னு எழுதும் ஓய் என்றார். உன் அம்மை அவர் பக்கம் திரும்பாமலே, ரெண்டுன்னு எழுதும், எனக்க கை தனி என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாக் கைகளும் எழும்பின. தாணுமாலையன் தாத்தா எழும்பி நின்றே தூக்கினார். உன் பேரை வாசித்துப் பாஸ்டர் ஜெபித்தபோது உன் அம்மை தன் பக்கத்துக்குத் திரும்பிப் போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான நாளைக்குப் பிறகு சபையில் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். அவள் அழுதாள், நான் அழவில்லை, தோள் வலியில் வந்த தண்ணீரை அழுகையில் சேர்க்கக் கூடாது.

ஆகவே மக்களே, உனக்குக் கடிதம் உண்டு. நாளைக்குப் பாஸ்டர் அதை அங்குள்ள சபைக்கே அனுப்புவார். சரித்திரம் சொல்லும்போது பிரசங்கியார் குழிக்குள் போனதைச் சொல், சிரிப்பார்கள். தாசம்மாளையும் சொல், அவள் பேர் மலையோடு நின்றுவிடக் கூடாது. மத்தியானம் மீன் குழம்பில் மீனும் இருந்தது, உப்பும் இருந்தது. அதைச் சொன்னதற்கு, திங்குற வாயி திங்கட்டும் என்றாள், ஆனாலும் எனக்கு நடுத்துண்டு வைத்தாள். இப்போது இந்த மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து உனக்கு அனுப்புகிற பார்சலைக் கட்டுகிறாள். ஏத்தங்காய் வற்றல், மிளகுப்பொடி, அதற்கு அடியில் ஒரு புதுத் துவர்த்து மடித்து வைத்திருக்கிறாள். குளிக்க அல்ல, எடுத்துப் பயன்படுத்திவிடாதே என்று எழுதச் சொல்கிறாள். அங்கே யாராவது தண்ணீரிலிருந்து ஏறும்போது, கரையில் நிற்க வீட்டார் இல்லாதவர்களாக இருந்தால், நீ அதை விரித்துப் பிடித்து நிற்க வேண்டுமாம்.

கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பாராக. பனியில் பார்த்து நட, ராத்திரி டூட்டிக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிட்டுப் போ. இன்னொன்று, உன்னைச் சேர்க்கிற அன்று அங்கே கை தூக்கச் சொல்லும்போது நீ ஜெபத்தில் இருக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொள்ளாதே. திறந்து பார். எங்காவது ஒரு கை பாதியில் நின்றால் அது வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதே, பக்கத்தில் போய் முழங்கையைப் பிடித்துக்கொடு.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா ஜெபசிங்
(அம்மையின் கையெழுத்து தனியாகக் கீழே இருக்கிறது, ஒன்றாகப் போட ஒப்பவில்லை)